ஓடுகிற மெஷினை ஏன் பிரிக்கிறீர்கள்?

ஆண்டு ஷட்டவுன் முடிந்து ஆலை மறுபடி ஓடத் தொடங்கும் முதல் வாரம், மெயின்டெனன்ஸ் ஆட்களுக்குத் தூக்கம் கெடும் வாரம். போன மாதம்வரை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பம்ப், புது சீல் போட்ட பிறகு ஒழுக ஆரம்பிக்கும். மாற்றிய பேரிங் சூடேறும். பிரித்துப் பூட்டிய கப்ளிங்கில் அலைன்மென்ட் மயிரிழை விலகி மோட்டார் அதிரும். “நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு, இதை எதுக்குக் கழட்டுனீங்க?” என்று புரொடக்‌ஷன்காரர் சண்டைக்கு வருவார். “ஷெட்யூல்ல இருந்துச்சு சார்” என்பார் ஃபிட்டர். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் வேலை நம் ஆலைகளில் ஆண்டுதோறும் நடக்கிறது. அதுவும் பட்ஜெட் போட்டு, டெண்டர் விட்டு.

அந்த ஃபிட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘இத்தனை மணி நேரம் ஓடினால் பேரிங்கை மாற்று’ என்று எழுதிவைத்தவர் யார், எதை வைத்து எழுதினார் என்று கேட்கிற இடத்தில் அவரை யாரும் உட்கார வைத்ததில்லை. அந்தக் கேள்வியை முறையாகக் கேட்கவும், கிடைத்த பதிலை எழுதிவைக்கவும் பழக்குகிற பயிற்சிக்குத்தான் ஆர்.சி.எம். என்று பெயர். நம்பகத்தன்மையை மையமாக வைத்துச் செய்யும் பராமரிப்பு. பெரிய ஆலைகள் பல இதற்கு வகுப்பு நடத்துகின்றன. ஸ்லைடு போட்டு, சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோவும் எடுத்தாகிவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால் பழைய ஷெட்யூல் சுவரில் அப்படியே தொங்கும். எங்கே கோட்டை விடுகிறோம் என்று தெரிய, இந்த முறை பிறந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறந்தது ஆலையில் இல்லை, விமான நிறுவனத்தில்.

339 எங்கே, 7 எங்கே?

1950-களில் விமானப் பராமரிப்பு ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது. எந்தப் பாகத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு, அது தேய்ந்துபோகுமுன் பிரித்துப் புதுப்பித்துவிட்டால் ஆபத்தில்லை என்பதே அது. ஆனால் எத்தனை முறை ஓவர்ஹால் செய்தாலும் சில வகைக் கோளாறுகள் குறையவே இல்லை. 1960-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் விமான நிறுவனங்களும் சேர்ந்து ஒரு குழு அமைத்து ஆராய்ந்தன. பல பாகங்கள் அடங்கிய சிக்கலான கருவிகளில், ஓவர்ஹால் காலத்தை மாற்றுவதால் பெரும்பாலும் ஒரு வித்தியாசமும் இல்லை என்று தெரியவந்தது.

இந்த அறிவைப் புதிய விமானத்தில் முதலில் பயன்படுத்தியது 1968-ல், போயிங் 747-க்குப் பராமரிப்புத் திட்டம் போட்டபோது. பிறகு டி.சி.10 போன்ற விமானங்கள். பத்தாண்டு அனுபவத்தையும் திரட்டி, யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த ஸ்டான்லி நௌலனும் ஹோவர்டு ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் ஓர் அறிக்கை எழுதினார்கள். ஆர்.சி.எம். என்ற பெயரே அந்த அறிக்கையின் தலைப்புதான்.

அதில் வரும் எண்களைப் பாருங்கள். பழைய முறையில் டி.சி.8 விமானத்தில் குறித்த காலத்தில் ஓவர்ஹால் செய்ய வேண்டிய பாகங்கள் 339. புதிய முறையில் திட்டமிட்ட டி.சி.10-ல் 7. டி.சி.8-ன் உடற்கட்டமைப்பை 20,000 பறக்கும் மணி நேரம் வரைக்கும் பெரிய அளவில் சோதிக்க 40 லட்சம் ஆள்-மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதைவிடப் பெரியதும் சிக்கலானதுமான 747-க்கு அதே கட்டம் வரை ஆனது 66,000. ஓவர்ஹாலுக்காகக் கழற்றுவது குறைந்ததால், கையிருப்பில் வைக்க வேண்டிய ஸ்பேர் என்ஜின்களும் பாதிக்கு மேல் குறைந்தன. அப்போதே ஓர் என்ஜின் பத்து லட்சம் டாலருக்கு மேல். இவ்வளவும் பாதுகாப்பில் கை வைக்காமல் கிடைத்த மிச்சம்.

அதே அறிக்கையில் ஆறு வளைகோடுகள் வருகின்றன. பயிற்சி வகுப்புகளில் தவறாமல் காட்டப்படும் ஸ்லைடு இதுதான். வயதாக ஆகக் கெடும் வாய்ப்பு கூடுகிற மூன்று வகையையும் (4, 2, 5 சதவீதம்) கூட்டினால் மொத்தம் 11. மீதி 89 சதவீதப் பாகங்களுக்கு வயதுக்கும் கெடுவதற்கும் சம்பந்தமில்லை. அதிலும், மொத்தத்தில் 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய நாட்களில்தான் அதிகம் கெடுகிறது, பிறகு சமாளித்துக்கொண்டு ஓடுகிறது. ஷட்டவுனுக்கு மறுவாரம் பம்ப் ஏன் ஒழுகுகிறது என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. நல்ல நிலையில் இருந்ததைக் கழற்றி, புதிதில் கெடும் ஆபத்தை நாமே மறுபடி உள்ளே கொண்டுவருகிறோம்.

இதே விஷயத்தை இரண்டாம் உலகப் போரிலேயே ஓர் உயிரியலாளர் கண்டுபிடித்திருந்தார். பெயர் சி.எச்.வாடிங்டன். மரபியலில் பெரிய பெயர். கைக்குழந்தையாக வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது. போரில் பிரிட்டனின் கடலோர விமானப் படைக்குக் கணக்கு ஆய்வு செய்யப் போனார். நீர்மூழ்கிகளைத் தேடிப் போகும் லிபரேட்டர் விமானங்களை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரித்துச் சோதிப்பது வழக்கம். சோதனை முடிந்தவுடன் பழுதுகள் திடீரென்று கூடி, நாள் போகப் போகக் குறைவதைக் கணக்கில் பார்த்தார். சோதனை குணப்படுத்தவில்லை, கெடுத்துக்கொண்டிருந்தது. போர் ரகசியம் என்பதால் அவருடைய புத்தகம் வெளிவர 1973 ஆகிவிட்டது. அதற்குள் விமான நிறுவனங்கள் அதே பாடத்தைத் தாமே காசு செலவழித்துப் படித்துவிட்டன.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 89 சதவீதத்தை எல்லா ஆலைக்கும் பொதுவான வேதவாக்காகச் சொல்லும் பயிற்சியாளரை நம்பாதீர்கள். அது விமானப் பாகங்களின் கணக்கு. சாம்பல் கலந்த காற்று அறுக்கிற பாய்லர் குழாய், மணல் கலந்த நீர் இறைக்கிற இம்பெல்லர், கன்வேயர் பெல்ட், உலையின் உட்பூச்சு, பிரேக் லைனிங் எல்லாம் வயதாகித்தான் தேயும். அவற்றுக்குக் காலக்கெடு வைப்பதுதான் சரி. எது எந்த வகை என்று தன் ஆலையில், தன் மெஷினில் பிரித்துப் பார்க்கத் தெரிவதே பயிற்சியின் பயன்.

“தண்ணி அடிக்கிறது” போதாது

இந்த முறையை விமானத்திலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஜான் மௌப்ரேவுக்கு. 1991-ல் வந்த அவருடைய புத்தகம்தான் இன்றும் பயிற்சியாளர்களின் கைநூல். எதை ஆர்.சி.எம். என்று அழைக்கலாம் என்பதற்கு 1999-ல் ஜே.ஏ.1011 என்ற தரநிலையும் வந்தது. சாரம் ஏழு கேள்விகள். இந்த மெஷினின் வேலை என்ன? எப்போது அது வேலை செய்யவில்லை என்போம்? எதனால் அப்படி ஆகும்? அப்படி ஆகிவிட்டால் என்ன நடக்கும்? நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முன்கூட்டியே தடுக்க என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய முடியாவிட்டால் என்ன வழி?

படிக்கும்போது குழந்தைக் கேள்விகள் மாதிரிதான் இருக்கும். வகுப்பில் முதல் கேள்வியிலேயே அரை நாள் போய்விடும்.

ஒரு கூலிங் வாட்டர் பம்பை வைத்துப் பார்ப்போம். “இதோட வேலை என்ன?” என்று கேட்டால், “தண்ணி அடிக்கிறது” என்று பதில் வரும். எவ்வளவு? ஃபிட்டர் நேம்பிளேட்டைப் பார்த்து நிமிடத்துக்கு 1,000 லிட்டர் என்பார். ஆபரேட்டரைக் கேட்டால், “எனக்கு 800 வந்தா போதும், அதுக்குக் கீழ போனா டெம்பரேச்சர் ஏறிடும்” என்பார். இந்த 800 எந்த மேனுவலிலும் இருக்காது. ஆபரேட்டரின் தலைக்குள் மட்டும் இருக்கும். இப்போது பம்ப் 900 லிட்டர்தான் தருகிறது என்று வையுங்கள். நேம்பிளேட்டை வைத்துப் பார்த்தால் கெட்டுவிட்டது, பிரித்து இம்பெல்லரை மாற்ற வேண்டும். 800-ஐ வைத்துப் பார்த்தால் நன்றாக இருக்கிறது, தொட வேண்டாம். 750-க்கு இறங்கினால்? மெயின்டெனன்ஸ், “ஓடுதே” என்று சொல்லும். புரொடக்‌ஷன், “செத்துப்போச்சு” என்று சொல்லும். இந்தச் சண்டை இல்லாத ஆலை கிடையாது. எந்த அளவுக்குக் கீழே போனால் பழுது என்று இரண்டு பேரும் சேர்ந்து ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடும்வரை அது தீராது.

இதனால்தான் இந்தப் பயிற்சியைத் துறை துறையாகப் பிரித்து நடத்தக் கூடாது. ஆபரேட்டர், மெக்கானிக்கல் ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், ஷிஃப்ட் சூப்பர்வைசர், வழிநடத்த ஒருவர் என ஐந்தாறு பேர் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். உறுப்பினர்களுக்கு மூன்று நாள் அடிப்படை வகுப்பு போதும். வழிநடத்துபவருக்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். பிறகு மூன்று மூன்று மணி நேரமாக உட்கார்ந்து, தங்கள் மெஷினையே எடுத்து அலச வேண்டும். வகுப்பில் வாத்தியார் கொடுத்த பம்பை அலசிவிட்டு வீட்டுக்குப் போனால் பயனில்லை.

அடுத்த கேள்வி எதனால் கெடுகிறது என்பது. இங்கே லாக் புக்கைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒரே வரி இருக்கும்: ‘பேரிங் ஃபெயில்டு. ரீப்ளேஸ்டு. ஓகே.’ பேரிங் தானாகவா கெட்டது? கிரீஸ் இல்லாமல் காய்ந்ததா? அளவுக்கு மேல் கிரீஸ் அடைத்துச் சூடேறியதா? ஒத்துவராத இரண்டு வகை கிரீஸைக் கலந்ததில் கட்டித்தன்மை போய் ஒழுகிவிட்டதா? வெளிவளையத்தில் சுத்தியலால் தட்டிப் பொருத்தியதில் உள்ளே குழி விழுந்ததா? ஆறு மாதம் ஓடாமல் நின்ற ஸ்டாண்ட்பை பம்பில், பக்கத்து மெஷினின் அதிர்விலேயே உருளைகள் ஓடுபாதையைத் தேய்த்துவிட்டனவா? இந்த ஐந்துக்கும் ஐந்து வேறு மருந்து. மேலே சொன்ன ஒற்றை வரிக்கு மருந்தே கிடையாது, அடுத்த பேரிங் வாங்குவதைத் தவிர.

கேட்டால் ஃபிட்டர் எல்லாவற்றையும் சொல்வார். பழைய பேரிங்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடும் ஆட்கள் நம் ஆலைகளில் ஏராளம். ஆனால் அந்த வரியை அவர் எழுதியது இரவு மூன்று மணிக்கு, ஆங்கிலப் படிவத்தில், மேலே மேனேஜர் படிப்பார் என்ற நினைப்போடு. ‘நான்தான் சுத்தியலால் தட்டினேன், புல்லரும் ஹீட்டரும் ஸ்டோரில் இல்லை’ என்று எவரும் எழுதமாட்டார். எழுதினால் மெமோ வராது என்று நிர்வாகம் முதலில் நிரூபிக்க வேண்டும். தமிழில் எழுதலாம் என்று ஓர் உத்தரவு போட்டாலே லாக் புக்கின் தரம் ஒரே மாதத்தில் ஏறிவிடும் என்பது என் கட்சி. காசு செலவில்லாத சீர்திருத்தம், ஆனாலும் செய்யமாட்டார்கள்.

யாருக்கும் தெரியாமல் செத்துக்கிடப்பவை

ஏழு கேள்விகளில் உயிரைக் காப்பது, நடந்தால் என்ன நஷ்டம் என்ற கேள்வி. ஷெட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றால் மாற்றிக்கொள்ளலாம். கெடும்வரை ஓடவிடுவதே அதற்குச் சிக்கனமான பராமரிப்பு. மெயின் கம்ப்ரஸர் நின்றால் ஆலையே நின்றுவிடும். இவை வெளியே தெரியும் பழுதுகள். சில பழுதுகள் கெட்ட அன்றைக்குத் தெரியவே தெரியாது. தீயணைப்பு பம்ப், சேஃப்டி வால்வு, டிரிப் ஆக வேண்டிய ரிலே, கேஸ் டிடெக்டர், கரண்ட் போனால் ஓட வேண்டிய ஜெனரேட்டர் எல்லாம் இந்த ஜாதி. அவை செத்துவிட்டன என்பது அவற்றைக் கூப்பிடும் நாளில்தான் தெரியும்.

போபாலைவிட இதற்குக் கொடிய சாட்சி வேண்டாம். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையில் மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து கொதித்தபோது, அதைத் தடுக்க அடுக்கடுக்காகக் காவல்கள் இருந்திருக்க வேண்டும். தொட்டியைக் குளிரவைக்கும் எந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரிக்க வேண்டிய ஃபிளேர் கோபுரம், குழாய் மாற்றும் வேலைக்காகக் கழற்றிக் கிடந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் ஸ்டாண்ட்பையில் இருந்தது. முந்தின நாள்வரை உற்பத்திக்கு இவற்றால் ஒரு குறையும் வரவில்லை. அதனாலேயே எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

மறைந்த பழுதுக்கு மருந்து, குறித்த நாளில் ஓட்டிப் பார்ப்பது. எத்தனை நாளுக்கொரு முறை? இதற்கு ஒரு மனக்கணக்கு உண்டு, அதைத் தொழிலாளர்களே போட்டுப் பார்க்கும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஒரு தீயணைப்பு பம்ப் சராசரியாகப் பத்து ஆண்டில் ஒருமுறை கெடும் என்று வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறைதான் சோதிக்கிறோம். இரண்டு சோதனைக்கு நடுவே என்றோ ஒரு நாள் கெடும். சராசரியாக ஆறு மாதம் கெட்டபடியே கிடக்கும். பத்து ஆண்டில் அரை ஆண்டு என்றால் 5 சதவீதம். அதாவது நூறு தடவை தீப்பிடித்தால் ஐந்து தடவை பம்ப் ஓடாது. நூற்றுக்கு ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால், கெட்டுக்கிடக்கும் காலம் பத்து ஆண்டில் 36 நாளைத் தாண்டக் கூடாது. சோதனையை 73 நாளுக்கு ஒருமுறை வைக்க வேண்டும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த ஆபரேட்டர், ‘டெஸ்ட் ஓகே’ என்று உட்கார்ந்த இடத்திலிருந்து டிக் அடிக்க யோசிப்பார். ‘மாதம் ஒருமுறை சோதிக்கவும்’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் அந்த யோசனை வராது.

சட்டம் சொல்கிற சோதனைகளில் இந்தக் கணக்குகளுக்கு இடமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாய்லரை அதிகாரி வந்து பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டுச் சட்டக் காலத்திலிருந்து வருவது. ஆர்.சி.எம். படித்துவிட்டோம் என்று அதில் கை வைக்க முடியாது.

ஸ்க்ரூடிரைவரும் வைப்ரேஷன் மீட்டரும்

பெரும்பாலான பழுதுகள் சொல்லிவிட்டுத்தான் வருகின்றன. பேரிங் முதலில் அதிர்வில் காட்டும். மீட்டர் அதைப் பல வாரங்களுக்கு முன்பே பிடித்துவிடும். பிறகு சத்தம், அதன் பிறகு சூடு, கடைசியில் புகை. முதல் அறிகுறிக்கும் முழுப் பழுதுக்கும் நடுவே உள்ள காலம் எவ்வளவு என்று தெரிந்தால், அதில் பாதி நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஆறு வாரம் முன்னே காட்டும் கோளாறை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். நாலு நாள் முன்னால் மட்டும் காட்டுவதை மாதம் ஒருமுறை பார்ப்பது வெறும் சடங்கு.

நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் ஹவுசிங்கில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய ஃபிட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். டிப்ளமோ முடித்து டேப்லெட்டோடு வரும் இளைஞர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. காது கேட்பதற்குள் கோளாறு முற்றியிருக்கும் என்பது உண்மை, அதனால் மீட்டர் வேண்டும். ஆனால் மீட்டர் காட்டும் எண் ஏன் ஏறியது, அன்றைக்கு லோடு மாறியதா, அஸ்திவார போல்ட் தளர்ந்ததா என்று சொல்ல அந்தக் காது வேண்டும். ஓய்வுபெறப் போகும் ஃபிட்டரோடு புதியவரை ஆறு மாதம் ஜோடி போட்டு ரவுண்ட்ஸ் அனுப்புவது எந்த ஹோட்டல் வகுப்பைவிடவும் பயன் தரும். இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு கைவேலையைத் தருகிறது. இந்த மெஷினின் குணம் அங்கே கிடைக்காது.

ஒரு ஸ்க்ரூ, 88 உயிர்

ஆர்.சி.எம். என்றால் வேலையைக் குறைப்பது என்று மட்டும் புரிந்துகொண்ட நிர்வாகத்தின் கையில் இது கத்தியாகும். 2000 ஜனவரி 31-ல் மெக்சிகோவின் புவேர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் 261-ஆம் விமானம் கலிஃபோர்னியாக் கரையோரம் பசிபிக் கடலில் விழுந்தது. 88 பேரும் இறந்தார்கள். வால் பகுதியின் கிடைச் சிறகை மேலும் கீழும் நகர்த்துகிற நீண்ட திருகு ஒன்று உண்டு. அதன் நட்டின் மரை முழுக்கத் தேய்ந்து அறுந்துபோயிருந்தது. காரணம், கிரீஸ் இல்லை. கடலுக்கடியிலிருந்து எடுத்தபோது, திருகின் வேலைசெய்யும் பகுதியில் பயன்படும் நிலையில் கிரீஸே இல்லை. நட்டுக்குள் கிரீஸ் போகிற வழி காய்ந்து அடைத்திருந்தது.

இந்த வகை விமானத்தை முதலில் வடிவமைத்தபோது 300 முதல் 350 பறக்கும் மணி நேரத்துக்கு ஒருமுறை அங்கே கிரீஸ் போட வேண்டும் என்றிருந்தது. அது படிப்படியாக நீட்டப்பட்டு, 1996-ல் அலாஸ்கா நிறுவனத்தில் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றானது. விமானம் ஓடும் வேகத்தில் எட்டு மாதம் என்றால் சுமார் 2,550 மணி நேரம். ஒவ்வொரு நீட்டிப்பும் முறைப்படி கையெழுத்தாகி, அரசு நிர்வாகத்தின் ஒப்புதலும் பெற்றது. முதலில் ஏன் 300 என்று வைத்தார்கள் என்று எவரும் திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. கடைசியாக அங்கே கிரீஸ் வைத்த மெக்கானிக், அந்த வேலைக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். ஒழுங்காகச் செய்தால் நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பது தயாரித்தவர்களின் மதிப்பீடு.

வேலையைக் குறைப்பதற்கு முன், மிஞ்சியிருக்கும் வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து முறை அரைகுறையாக வைத்த கிரீஸில் ஏழு முறையைக் குறைத்தால் மூன்று அரைகுறைதான் மிச்சம். பழைய ஷெட்யூலில் ஒவ்வொரு தவறையும் அடுத்த முறை வந்து மூடிவிடும். குறைத்த ஷெட்யூலில் அந்த மன்னிப்பு கிடையாது. ஆர்.சி.எம். பயிற்சியின் பாதி நேரம் கிரீஸ் கன்னைச் சரியாகப் பிடிப்பதற்கும், டார்க் ரெஞ்சில் போல்ட் முறுக்குவதற்கும் போக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஆலோசனை நிறுவனங்களின் அழகான கால அட்டவணையில் இதற்கு இடம் இருப்பதில்லை.

மேனேஜருக்கும் ஒரு வகுப்பு

தமிழ்நாட்டுக்கு இந்த விஷயம் முற்றிலும் புதிதில்லை. தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை இந்தியாவில் முதன்முதலாக வாங்கிய நிறுவனம் பாடியில் இருந்தது: சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998-ல். 2002-ல் டி.வி.எஸ். மோட்டார். அந்த அலையோடு, 1971-ல் ஜப்பானின் நிப்பான்டென்சோவில் உருவெடுத்த டி.பி.எம். முறையும் அம்பத்தூர், ஓசூர், கோவைப் பக்கம் பரவியது. அதில் ஆபரேட்டரே தன் மெஷினைத் துடைப்பார், எண்ணெய் பார்ப்பார், கோளாறு கண்ட இடத்தில் சிவப்பு டேக் கட்டுவார். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைக்கும்போதுதான் எண்ணெய்க் கசிவும் வெடிப்பும் கண்ணில் படும். அதை ஆண்டு முழுக்கச் செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான். யார் பார்ப்பது என்பதை டி.பி.எம். தீர்த்துவைத்தது. எதை, ஏன், எத்தனை நாளுக்கொரு முறை பார்ப்பது என்பதற்கு ஆர்.சி.எம். வேண்டும். இரண்டையும் எதிரெதிர் கட்சிகளாக்கி ஆலைக்குள் அரசியல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நாற்பது மெஷின் உள்ள சிறு பட்டறைக்கு முழு ஆர்.சி.எம். தேவையில்லை. கம்ப்ரஸர், ஜெனரேட்டர், எது நின்றால் ஆர்டர் போகுமோ அந்த ஒரு மெஷின் ஆகியவற்றை மட்டும் ஏழு கேள்வி கேட்டால் போதும்.

பெரிய ஆலைகளில் தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஷெட்யூல்படி பிரித்துப் பூட்டி, மறுநாளே மெஷின் கெட்டால் எந்த மேனேஜருக்கும் மெமோ வராது. ‘ஷெட்யூல் மெயின்டெனன்ஸ் பண்ணிட்டோம் சார்’ என்ற ஒரு வரி காப்பாற்றிவிடும். நன்றாக ஓடுகிறது, பிரிக்க வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு, மூன்று மாதம் கழித்துக் கெட்டால் கேள்வி அவர் கழுத்தைப் பிடிக்கும். இந்த நிலையில் எவருமே பிரிக்கத்தான் சொல்வார். ஆடிட்டருக்கும் டிக் தேவை. ஆகவே, தொழிலாளருக்கு மூன்று நாள் வகுப்பு என்றால், பிளான்ட் ஹெட்டுக்கும் ஆடிட்டருக்கும் ஒரு நாளாவது வகுப்பு வேண்டும். குழு அலசி எழுதிய முடிவு கெட்டுப்போனால் தனி ஆளைப் பிடிக்காமல் அந்த அலசலைத் திருத்துவோம் என்று எழுத்தில் தர வேண்டும். இந்த உத்தரவாதம் இல்லாமல் நடத்துகிற பயிற்சியால், பழைய ஷெட்யூலுக்குப் புதிய அட்டை கிடைக்கும்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது, இதுதான் வெட்கப்பட வேண்டிய இடம். இன்று பல ஆலைகளில் கையில் ஸ்பேனர் பிடிப்பவர் நிரந்தரத் தொழிலாளி இல்லை. ஷட்டவுன் வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்களுடையது. அவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு மெஷினை இந்த ஆண்டு பிரிப்பவர் அடுத்த ஆண்டு வேறு ஆலையில் இருப்பார். அவர் தொட்ட பேரிங் எப்படி இருந்தது என்று கேட்பவரும் இல்லை, அவருக்குச் சொல்லித்தருபவரும் இல்லை. கேட் பாஸ் வாங்குவதற்காக அரை மணி நேரம் காட்டும் பாதுகாப்பு வீடியோதான் அவருடைய மொத்தப் பயிற்சி, அதுவும் சில இடங்களில் அவருக்குப் புரியாத மொழியில். அலசலில் உட்காரும் ஆறு பேர் ஒரு பக்கம், வேலையைச் செய்யும் ஆள் வேறு பக்கம் என்றால் அத்தனை உழைப்பும் காகிதத்தில் நின்றுவிடும்.

ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பந்தக்காரருக்கு டெண்டர் விடும்போது, ஆள் கணக்கு, நாள் கணக்கோடு பயிற்சி நாளையும் ஒரு வரியாகச் சேருங்கள். அந்த வகுப்பை அவர்களுக்குப் புரிகிற மொழியில், அவர்கள் தொடப்போகிற மெஷினின் பக்கத்திலேயே வைத்து நடத்துங்கள். பிரித்துப் பார்த்த பாகம் எந்த நிலையில் இருந்தது என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். வகுப்பில் உட்கார்ந்த நாளுக்கும் முழுச் சம்பளம் கொடுங்கள்.